ஏழு புள்ளி இரண்டு

ஐந்துக்கு மேல் போனால் உள்ளே விடாதே.
இது நான் எழுதிய விதி.
சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில்
ஒரு பாலிடெக்னிக்கின் சர்வர் அறை.
ஊரே வேகும்போது
அந்த மிஷின்களுக்கு மட்டும் மார்கழி.

ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் வரும்.
பரிசு விழுந்தது என்பான். கிட்னி விலைக்கு உண்டா என்பான்.
செத்துப்போன தளபதியின் விதவை
தங்கத்தைப் பங்குபோட என்னையே தேடி வருவாள்.
முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூறை
வாசலிலேயே மறித்தேன்.
பிரின்சிபால் கைகுலுக்கினார்.
ஒரு கூடை மல்கோவாகூட வந்தது.

ஜூலையில் ஒரு சாயங்காலம்
அழிக்குமுன் குப்பையைக் கிளறினேன்.
கு. தீர்த்தமலை, வாழவந்தி, ஏற்காடு.
பதினொரு கடிதம்.

முதலாவது ஒழுங்காக இருந்தது:
மதிப்பிற்குரிய ஐயா, சாதிச் சான்றிதழ்
ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்றுதான் கொடுத்தார்கள்,
இணைத்துள்ளேன்.
ஐந்து புள்ளி ஒன்று.
அந்தக் கடைசிப் புள்ளி ஒன்று
இணைப்புக்குப் பெயர் வைக்கத் தெரியாததற்கு.
மற்றதெல்லாம் அவன் கணக்கே இல்லை.
அவன் போன நெட் சென்டரில்
போன மாதம் எவனோ உட்கார்ந்து
ஊருக்கெல்லாம் லோன் விற்றிருக்கிறான்.
தெருவில் ஒருவன் திருடினால்
தெருவையே ஸ்டேஷனில் உட்கார வைப்பது
பழைய வழக்கம்.
நான் அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவதில் 'தயவுசெய்து'.
நான்காவதில் 'அவசரம்'. அதற்குத் தனியாகப் புள்ளி உண்டு.
ஆறாவதில் மூன்று ஆச்சரியக்குறி.
ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால்
சந்தேகம் கூட வேண்டும், விதி எண் பதினெட்டு.
கெஞ்சக் கெஞ்ச ஏறிக்கொண்டே போயிருக்கிறது.
பத்தாவதில் ஒரே வார்த்தை: ஐயா.
பதினொன்றாவதில் அதுவும் இல்லை.
வெறும் வெள்ளை.
வெள்ளைக்கும் புள்ளி வைத்திருந்தேன்.
ஏழு புள்ளி இரண்டு.

சீட் அடுத்தவனுக்குப் போய்விட்டது.
அவனும் நல்ல பையன், லேபில் பார்த்திருக்கிறேன்.
அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் பிரின்சிபால்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.
நாலு நொடியில் திரும்பி வந்தது:
உங்கள் சர்வரின் நன்மதிப்பு போதாது.
சனிக்கிழமை ராத்திரி
எங்கள் கேன்டீன் பில்லிங் மிஷின் வைரஸ் ஏறி
பன்னிரண்டாயிரம் பேருக்கு
மூட்டுவலித் தைலம் விற்றிருக்கிறது.
பட்டியலிலிருந்து எடுங்கள் என்று
பட்டியல்காரர்களுக்கு எழுதினேன்.
அதுவும் திரும்பி வந்தது.
அவசரம் என்று போட்டிருந்தேன்.

அப்புறம் பைக். அடிவாரத்தில் செக்போஸ்ட்.
பையைத் திறக்கச் சொல்லி
தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டார்கள்.
மடித்த காகிதத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.
இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினாலாவதில் மேகம் குறுக்கே நின்றது.
ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினேன்,
எதிரே வருபவனுக்கு
நான் இருப்பது தெரிய வேண்டுமே என்று.

வாழவந்தியில் நாய் விடவில்லை.
எந்த ஆபீசு, என்ன விசயம், யாரு அனுப்புனது
என்று வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்.
மூன்றுமே சரியான கேள்வி.
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துவிட்டு
எஸ்டேட் பக்கம் கை காட்டினாள்.

சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரத்தில் இருந்தான்.
இடுப்பில் கயிறு, கையில் கொடுவாள்.
காப்பிக்கு நிழல் கழிக்கிறான்.
ஒரு கிளையைத் தொடுவான்,
கீழே எந்தச் செடி நிற்கிறது என்று குனிந்து பார்ப்பான்,
பிறகுதான் வெட்டு.
சிலதை விட்டான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
காலேஜ் பெயரையும் சொன்னேன்.
கொடுவாள் நின்றது.

"மெயில் வந்துச்சா சார்?"